நஞ்சையை விற்க வேண்டாம், மகள் வேதியியல் படிக்கட்டும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

சேரன்மகாதேவி நஞ்சையை விற்று மகளை வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கலாமா என்று கலங்கிப்போய்க் கேட்டீர்கள். ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அது வேண்டாம். தாய்மாமன் வற்புறுத்துகிறார் என்பதற்காக இருக்கும் ஒரே நிலத்தை இழக்கக் கூடாது. அதைவிட, உங்கள் மகள் மருத்துவராக வேண்டும் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

அவளுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடின் அமைப்பை, வளையங்களை அழித்து அழித்துத் திருத்தி வரைந்திருக்கிறாள். 2012இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு பரவியபோது வீடுதோறும் குடித்த கசாயம், வைரஸை உண்மையிலேயே தடுக்குமா என்று என்னிடம் கேட்டாள். வேதியியல் படிக்க வேண்டிய பிள்ளை கேட்கும் கேள்வி அது.

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. அதை நேரடியாக அடக்க அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. நீர்ச்சத்தைக் காத்து, காய்ச்சலைத் தணித்துத்தான் நோயாளியைத் தேற்றுகிறார்கள். ஜிகாவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் அதே குடும்பத்து வைரஸ்கள், சிக்குன்குனியா வேறு குடும்பம். இவை அனைத்துக்கும் பொதுவான மருந்தாகும் ஒரு சேர்மத்தைத் தேடுவோர், இந்த வைரஸ்கள் தம் உறைப் புரதங்களை மடித்துக்கொள்ள நம் உயிரணுவிடமே இரவல் வாங்கும் குளுக்கோசிடேஸ் நொதியையும் குறிவைக்கிறார்கள். ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் விதையில் கிடைத்த காஸ்டனோஸ்பெர்மின் என்ற சேர்மத்திலிருந்து, செல்கோசிவிர் என்ற மருந்து அப்படித்தான் உருவானது. ஆனால் சிங்கப்பூரில் டெங்கு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2014இல் வெளியிட்ட முடிவில், பாதுகாப்பானதாக இருந்தும் காய்ச்சலையோ வைரஸின் அளவையோ அது குறிப்பிடும்படி குறைக்கவில்லை. இத்துறையில் இத்தகைய ஏமாற்றங்கள் உண்டு என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

இந்தத் தேடலில் வேதியியலாளர் மூலக்கூறில் ஒரு தொகுதியை மாற்றிக் கொடுப்பார். குரங்கின் சிறுநீரகத்திலிருந்து பெற்ற வீரோ செல்களை வளர்த்து, வைரஸையும் அந்தச் சேர்மத்தையும் சேர்த்துச் சில நாள் கழித்து ஊதாச் சாயம் ஏற்றுவார்கள். வைரஸ் செல்களைக் கொன்ற இடங்கள் வெளுத்த பொட்டுகளாகத் தெரியும். பொட்டுகள் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது. ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். வளையத்தை அழித்தழித்து வரைகிற பொறுமை அங்கே வீண்போகாது.

பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. வேதியியல் கேளுங்கள், சுயநிதிப் பிரிவில் சேர்க்காமல் அரசு உதவி பெறும் பிரிவிலேயே இடம் கேளுங்கள், கட்டணம் மிகக் குறைவு. பிறகு ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி., அடுத்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும். முனைவர் பட்டம்வரை பத்தாண்டுகள் ஆகலாம். நடுவில் கல்யாணப் பேச்சை எடுத்து அவளைக் கலைக்காதீர்கள்.

நிலத்துக்கு முன்பணம் வாங்கியிருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாமனிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் அவரை அழைத்து வாருங்கள், நானே பேசுகிறேன்.