மதத்தை வீட்டில் வைத்துவிட்டு வர முடியுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் வேலை பார்க்கும் நிறுவனத்தில் பல நாட்டவர், பல மதத்தவர். சென்ற மாதம் சிலர் தொழுகைக்கு ஓர் அறை கேட்டார்கள். பெரிய விவாதமாகிவிட்டது. ஒருவருக்குக் கொடுத்தால் நாளை எல்லோரும் கேட்பார்கள், அதற்கு முடிவே இருக்காது என்பது என் கட்சி. மதம் அவரவர் வீட்டுக்குள் இருக்கட்டும். வாசலைத் தாண்டிவிட்டால் எல்லோரும் குடிமக்கள், அவ்வளவுதான். எனக்கும் கடவுள் நம்பிக்கை உண்டு, எந்த மதத்தின் மீதும் வெறுப்பு கிடையாது. பல பண்பாடுகள் சேர்ந்து வாழும் சமூகத்துக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்கிறதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களிடம் வெறுப்பு இல்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் நீங்கள் சொல்லும் விதி எல்லோருக்கும் பொதுவாக இருந்தாலும், அதன் சுமை எல்லோர் தலையிலும் ஒரே அளவில் இறங்குவதில்லை.

பிரான்ஸைப் பாருங்கள். 1905-லேயே சட்டம் போட்டுத் திருச்சபையை அரசிலிருந்து பிரித்த நாடு. அரசுப் பள்ளி மாணவர்கள் பளிச்சென்று தெரியும் மத அடையாளம் எதையும் அணியக்கூடாது என்று 2004-ல் இன்னொரு சட்டம் வந்தது. முக்காடு, தலைப்பாகை, யூதர்களின் தொப்பி, பெரிய சிலுவை எல்லாவற்றுக்கும் ஒரே தடை. சரி, அதே நாட்டின் விடுமுறைப் பட்டியலை எடுங்கள். தேசிய விடுமுறை நாட்கள் 11; அவற்றில் 6 கிறிஸ்தவப் பண்டிகைகள். பெரும்பான்மையின் மதம் காலண்டருக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் அதை மதம் என்றே யாரும் நினைப்பதில்லை. அதை வீட்டில் விட்டுவிட்டு வா என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். சீக்கிய மாணவன்தான் தலைப்பாகையைக் கழற்ற வேண்டும்.

நம்பிக்கையை மனதுக்குள் வைத்துக்கொள்ளலாம். உடையையும் சாப்பாட்டையும் தொழும் நேரத்தையும் எங்கே ஒளித்துவைப்பது?

‘முடிவே இருக்காது’ என்கிறீர்கள். இருக்கிறது, பல நாடுகள் கோடு கிழித்துக் காட்டியிருக்கின்றன. கேட்கும் சலுகைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் நான் பார்க்கும் கணக்கு. மோட்டார் சைக்கிளில் போகும்போது தலைக்கவசம் வேண்டாம் என்று தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு பிரிட்டன் 1976-ல் விலக்கு தந்தது. அடிபட்டால் உடைவது அவர்கள் மண்டை. (மருத்துவச் செலவு பொதுப்பணம்தானே என்று மடக்கலாம், எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.) கனடாவில் ஒரு சீக்கியச் சிறுவன் பள்ளிக்குக் கிர்பான் (சீக்கியர்கள் மத அடையாளமாக அணியும் குறுவாள்) கொண்டுவந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-ல் முழுத் தடையை ரத்து செய்தது. ஆனால் உறையில் போட்டு, ஆடைக்குள் தைத்து வைத்திருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளோடுதான் அனுமதி. மற்ற பிள்ளைகளின் பாதுகாப்பும் கணக்கில் வந்துவிட்டது பாருங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 1944-லேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: பெற்றோர் தங்கள் மதத்துக்காகத் தாங்கள் தியாகியாகலாம், பிள்ளைகளைத் தியாகியாக்க உரிமை இல்லை.

உங்கள் அலுவலகத்தில் கேட்பது ஓர் அறை. அதனால் பக்கத்து மேஜைக்காரருக்கு என்ன நஷ்டம்? நாளை இன்னொரு மதத்தவர் தியானத்துக்குக் கேட்டால் அதே அறையை வேறு நேரத்தில் கொடுங்கள். எந்த மதமும் இல்லாதவர் கொஞ்சம் கண்ணை மூடி உட்கார இடம் கேட்டாலும் கொடுங்கள். ஆனால் தொழப் போகாதவரை யாராவது ‘ஏன் வரவில்லை’ என்று நச்சரித்தால் அன்றைக்கு நிர்வாகம் தலையிட்டே ஆக வேண்டும்.

மதம் வெளியே வந்தால் சண்டைதான் என்ற பயமும் உங்கள் கடிதத்தில் ஓடுகிறது. மணிமேகலையின் விழாவறை காதையில் முரசறைபவன் சமயவாதிகளைப் ‘பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்’ என்று அழைக்கிறான். அடுத்த மூச்சிலேயே, பகைவரோடும் ‘செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்’, அதாவது கோபமும் சண்டையும் இல்லாமல் விலகிப் போங்கள், என்கிறான். மேடையும் உண்டு, மேடைக்கு ஒழுங்கும் உண்டு. மேடை ஏறும் மதம் அங்கே கேள்வியையும் கேலியையும் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை நான் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வேன்.

ஒரே ஒரு விஷயத்தில் உங்களைவிட நான் கடுமையானவன். ‘எங்கள் சமூகத்தின் உரிமை’ என்று மதத் தலைவர்கள் கேட்பதில் பாதி, தங்கள் ஆட்கள் மீதே அவர்கள் கேட்கும் அதிகாரம். லெபனானில் அரசு 18 மதப் பிரிவுகளை அங்கீகரிக்கிறது. திருமணமும் விவாகரத்தும் மதச் சட்டங்களின் கையில். உள்நாட்டில் பொதுவான பதிவுத் திருமணச் சட்டம் இல்லாததால், மதம் மாற விரும்பாத கலப்பு ஜோடிகள் கடல் தாண்டி சைப்ரஸுக்குப் போய்ப் பதிவு செய்துகொண்டு திரும்புகிறார்கள். வெளிநாட்டில் செய்த அந்தப் பதிவை அரசு ஏற்றுக்கொள்ளும். 2013-ல் ஒரு ஜோடி தங்கள் ஆவணங்களிலிருந்து மதப் பிரிவையே நீக்கிவிட்டு உள்ளூரிலேயே பதிவுத் திருமணம் செய்து, போராடி அங்கீகாரமும் வாங்கியது. அவர்களைப் பார்த்து அதே வழியில் வந்த மற்றவர்களின் பதிவுகளைப் பின்னர் அதிகாரிகள் கிடப்பில் போட்டுவிட்டார்கள்.