சின்ன நிலநடுக்கம் வந்தால் பெரிசு வராதா?

கேள்வி: எங்கள் வீடு குளச்சல் பக்கம், கடலை ஒட்டி. சுமத்ரா, அந்தமான் பகுதியில் ரிக்டர் அளவு 5 என்று அடிக்கடி செல்போனில் செய்தி வருகிறது. "சின்னச் சின்னதா வந்து அழுத்தம் குறைஞ்சிடும், பெரிசு வராது" என்கிறார் அப்பா. நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். அப்பாவின் கணக்கு எங்கே தப்புகிறது என்று காட்டிவிடுகிறேன்.

கலிஃபோர்னிய நிலநடுக்கங்களை எண்ணிப் பார்த்த பெனோ குட்டன்பர்க்கும் சார்லஸ் ரிக்டரும் 1944-இல் ஒரு விதியை எழுதினார்கள்:

மடக்கை (எண்ணிக்கை) = அ − (ஆ × அளவு)

'எண்ணிக்கை' என்பது அந்த அளவிலும் அதற்கு மேலும் வரும் நிலநடுக்கங்கள். 'மடக்கை' என்பது 10-இன் எத்தனையாவது அடுக்கு என்பது: 100-க்கு 2, 1000-க்கு 3. 'அ' அந்தப் பகுதி எவ்வளவு அடிக்கடி நடுங்கும் என்பதைக் காட்டும். 'ஆ' பெரும்பாலும் 1-ஐ ஒட்டியே இருக்கும். அதாவது, அளவு ஒன்று ஏறினால் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகிவிடும். ஓரிடத்தில் ஆண்டுக்கு 5-க்கு மேல் 100 வந்தால், 6-க்கு மேல் 10, 7-க்கு மேல் ஒன்று, 8-க்கு மேல் சராசரியாகப் பத்தாண்டுக்கு ஒன்று.

ஆனால் ஆற்றல் ஒவ்வொரு படிக்கும் சுமார் 32 மடங்கு கூடுகிறது. ஒரு 9-க்கு ஈடுகட்ட, 5 அளவில் பத்து லட்சம் வேண்டும். விதிப்படி வருவதோ பத்தாயிரம்தான். எல்லாம் சேர்ந்தாலும் நூறில் ஒரு பங்கு. நெத்திலியை எண்ணினால் ஆயிரக்கணக்கில் தேறும். தராசில் போட்டால் ஒரே பெரிய சுறா அத்தனையையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

சராசரியைத் தேதியாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2004 டிசம்பர் 26-இல் 9.1 வந்தது. "இனி பல காலத்துக்கு இல்லை" என்று யாரும் நினைத்திருக்கலாம். மூன்றே மாதத்தில், 2005 மார்ச் 28-இல், அதே சுமத்ரா கடலோரத்தில் நியாஸ் தீவருகே 8.6.

5 என்று செய்தி வந்தால் தொழிலுக்குப் போகலாம். கடலடியில் 7-ஐ நெருங்கினால் சுனாமி எச்சரிக்கை தரும் ஹைதராபாத் இன்காய்ஸ் மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். அளவு மட்டும் அலையைத் தீர்மானிப்பதில்லை: 2012 ஏப்ரல் 11-இல் வந்ததும் 8.6தான், பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழவில்லை.

2004-இல் காலை 6.29-க்கு நிலம் அதிர்ந்தது. நம் குமரிக் கடலோரத்துக் கொட்டில்பாட்டுக்கும் மேலமணக்குடிக்கும் அலை வர மணிக்கணக்கில் ஆனது. அந்த அவகாசம் நமக்குத் தெரியாமலே கழிந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. எச்சரிக்கை வந்தால் வீட்டிலுள்ளவர்கள் உடனே மேட்டுப்பகுதிக்குப் போய்விடுங்கள். அப்பா அப்போது ஆழ்கடலில் இருந்தால், எச்சரிக்கை விலகும்வரை கரைக்குத் திரும்ப வேண்டாம் என்று வயர்லெஸ்ஸில் சொல்லுங்கள். அங்கே அந்த அலை வள்ளத்துக்குத் தெரியக்கூடத் தெரியாது.