கருப்பனுக்கு சிப், பாப்பாவுக்குப் பள்ளி, உங்களுக்குச் சம்பளம்

வணக்கம் அம்மா.

போன புதன்கிழமை நீங்களும் உங்கள் அம்மாவும் மகள் பாப்பாவும் வெளிநாட்டுப் படிப்பு பற்றி என்னிடம் ஆலோசனை கேட்கத் தஞ்சாவூர் வந்து போன பிறகு, நீங்கள் விட்டுச் சென்ற மஞ்சள் ஃபைலை இரண்டு முறை புரட்டினேன். அன்றைக்கு மூன்று பேரும் மூன்று கேள்வி கேட்டீர்கள். "முப்பத்தேழு வயசுல போயி இனிமே என்னத்தப் படிக்கப் போறா?" என்றார் உங்கள் அம்மா. நீங்கள் ஆஸ்திரேலியாவைப் பற்றிக் கேட்டீர்கள். பாப்பா கேட்டது உங்கள் வீட்டு நாயைப் பற்றி ஒன்றுதான்: "கருப்பனுக்கு டிக்கெட் எவ்வளவு?" வெளியே அடுத்த ஆள் காத்திருந்ததால் பாதிப் பாதியாகத்தான் பதில் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன், வீட்டில் படித்துக் காட்டுங்கள்.

முதலில் ஆஸ்திரேலியா. கன்சல்டன்சிக்காரர் உங்களுக்கு இரண்டு வருட மாஸ்டர்ஸ் சீட்டு சொல்லியிருக்கிறார். படிப்பு முடிந்தபின் தங்கி வேலை பார்க்க உதவும் 485 விசாவுக்கு, 2024 ஜூலை 1 முதல் வயது வரம்பு 50லிருந்து 35 ஆகக் குறைந்துவிட்டது. ஆராய்ச்சிப் பட்டம் முடித்தவர்களுக்கு மட்டும் பழைய 50. நீங்கள் சாதாரண மாஸ்டர்ஸ் படித்தால், பட்டமளிப்பு விழா போட்டோவோடு ஊர் திரும்ப வேண்டியதுதான். அதைவிடப் பெரிய சிக்கல் கருப்பனுக்கு. இந்தியாவிலிருந்து நாயையோ பூனையையோ ஆஸ்திரேலியாவுக்கு நேராகக் கொண்டுபோக முடியாது. அவர்கள் அங்கீகரித்த வேறொரு நாட்டில் ஆறு மாதம் வைத்திருந்து, அங்கிருந்து அனுப்பி, மெல்பர்னில் தனிமைக் கொட்டடியில் வேறு வைக்க வேண்டும். இதை அவர் ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். அவருக்குக் கமிஷன் சீட்டுக்குத்தான் அம்மா, நாய்க்கு இல்லை.

இங்கிலாந்தில் 2024 ஜனவரி 1 முதல் பாடவழி மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறவர்கள் பிள்ளையை உடன் அழைத்துப் போக முடியாது. பிஎச்.டி. போன்ற ஆராய்ச்சிப் படிப்புக்கும் அரசு உதவித்தொகையில் போகிறவர்களுக்கும் மட்டும் விலக்கு. கனடாவில் நாய்க்கு எளிது, ரேபிஸ் தடுப்பூசிச் சான்று போதும். உங்களுக்குத்தான் எளிதில்லை. நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் தனியாக விண்ணப்பிக்கும் 29 வயதுக்காரருக்கு வயதுக்கு மட்டும் 110 புள்ளி, 40 வயதில் 50, 45 ஆனால் பூஜ்யம். நீங்கள் படித்து முடிக்கும்போது நாற்பதைத் தொட்டிருப்பீர்கள்.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணமில்லை என்று யாரோ சொன்னதாகச் சொன்னீர்கள். அது உண்மைதான். ஆனால் மாஸ்டர்ஸ் மாணவியாகப் போனால் முடக்கக் கணக்கில் (விசாவுக்காகச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் வங்கிக் கணக்கு) 2025 கணக்கில் ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலே 12 லட்சத்துக்குக் கிட்ட வருகிறது. அது உங்கள் ஒருத்திக்கு மட்டும், பாப்பாவுக்குத் தனி. மாணவர்களுக்கான மலிவு விலை அரசு மருத்துவக் காப்பீடும் 30 வயதோடு முடிந்துவிடும், அதன் பிறகு தனியார் காப்பீடுதான். இருபத்திரண்டு வயதுப் பையனுக்குப் போட்ட சட்டையை உங்களுக்கு மாட்டப் பார்க்கிறார்கள்.

ஆகவே நான் சொல்வது இதுதான்: பணம் கட்டிப் படிக்கும் மாணவியாகப் போகாதீர்கள். சம்பளம் வாங்கும் ஆராய்ச்சியாளராகப் போங்கள்.

ஜெர்மனியில் அறிவியல் துறை பிஎச்.டி. இடங்களில் பெரும்பகுதி வேலை ஒப்பந்தம்தான். நாளிதழில் வேலைக்கு விளம்பரம் வருவதுபோல் பிஎச்.டி. இடத்துக்கும் விளம்பரம் வரும். ஊதிய நிலையை இ13 என்று போட்டிருப்பார்கள். 2025 கணக்கில் மாநிலப் பல்கலைக்கழகங்களின் முழுநேரத் தொடக்கச் சம்பளம் மாதம் சுமார் 4,600 யூரோ. உயிரியல் துறைகளில் பெரும்பாலும் 65 விழுக்காடு நேரத்துக்குத்தான் ஒப்பந்தம் போடுவார்கள், அது ஏறத்தாழ 3,000. வரி, காப்பீடு பிடித்தம் போக 2,000க்கு மேல் கைக்கு வரும். சம்பளம் இருப்பதால் முடக்கக் கணக்கு கேட்பதில்லை, ஊழியருக்கான காப்பீட்டிலேயே பாப்பாவும் சேர்ந்துகொள்வாள். இதோடு பிள்ளைக்கென அரசு கொடுக்கும் தொகை 2025இல் மாதம் 255 யூரோ. சட்டப்படி வயது வரம்பும் கிடையாது. இங்கே ஆராய்ச்சி மாணவர்களுக்கு யுஜிசி தரும் ஜேஆர்எஃப் உதவித்தொகைக்குப் பெண்களுக்கான தளர்வைச் சேர்த்தும் 35 வயதோடு கதவு சாத்தப்படுகிறது என்பது உங்களுக்கே தெரியும், இரண்டு வருடம் முன்னால் நீங்களே அந்தக் கதவில் முட்டியிருக்கிறீர்கள்.

"எனக்கு யார் சார் பிஎச்.டி. குடுப்பா? பதினோரு வருஷமா தனியார் காலேஜ்ல முதலாமாண்டுப் பிள்ளைங்களுக்கு லேப் எடுத்துக்கிட்டு இருக்கேன்" என்றீர்கள். ஃபைலின் கடைசியில், மாற்றுச் சான்றிதழுக்கும் ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கும் நடுவில், ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. தவறுதலாக வைத்துவிட்டீர்களோ என்னவோ. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்த பிறகு, மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போய் வேதாரண்யம் பக்கம் வயல் வயலாக மண் எடுத்திருக்கிறீர்கள். மண்ணின் கார அமிலம், உப்பைக் காட்டும் மின்கடத்து திறன், அசோஸ்பைரில்லம் என்ற மண் பாக்டீரியாவின் எண்ணிக்கை, எல்லாம் பென்சிலில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறது. 2019இலும் 2020இலும் அதே வயல்களுக்குப் போயிருக்கிறீர்கள். கடல்நீர் ஏறிய நெல்வயல் மண் மீண்டுவரும் கதை அது. எம்.எஸ்சி. மதிப்பெண் பட்டியலைவிட இந்த நோட்டுக்கு மதிப்பு அதிகம். இதைப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். கைக்கு வந்த அன்றே ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

இனி பேராசிரியர்களுக்கு எழுதும் மின்னஞ்சல். நீங்கள் காட்டிய வரைவு "மதிப்பிற்குரிய ஐயா, நான் ஒரு ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்து" என்று தொடங்கியது. அதை எடுத்துவிடுங்கள். முதல் வரியிலேயே நோட்டுக்கு வாருங்கள்: புயலில் உப்பேறிய நெல்வயல்களில் மூன்று ஆண்டு எடுத்த மண் மாதிரிகளின் அளவீடுகள் என்னிடம் இருக்கின்றன, உங்கள் இன்ன கட்டுரையில் சொல்லும் முடிவோடு இவை இந்த இடத்தில் ஒத்துப்போகின்றன, இந்த இடத்தில் மாறுகின்றன. அவ்வளவுதான். பத்து வரிக்கு மேல் போகாதீர்கள். இருநூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவது அழைப்பு வந்த வீட்டுக்கெல்லாம் மொய் எழுதுவது மாதிரி, யாருக்கும் முகம் நினைவிருக்காது. பதினைந்து பேரைத் தேர்ந்தெடுத்து அவர்களின் கட்டுரைகளைப் படித்துவிட்டு எழுதுங்கள். மார்பர்க் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிலவாழ் நுண்ணுயிரியல் நிறுவனத்தில் நெல்வயல் மண்ணையும் மீத்தேனையும் பற்றிப் பல ஆண்டு ஆய்வு நடந்திருக்கிறது. பெர்லினுக்குக் கிழக்கே முன்ஷெபர்க்கில் வேளாண் நிலப்பரப்பு ஆய்வுக்கான லைப்னிட்ஸ் மையம் இருக்கிறது. தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.

கையோடு இங்கிலாந்தின் காமன்வெல்த் பிஎச்.டி. உதவித்தொகைக்கும் போடுங்கள். அரசுப் பணம் என்பதால் பிள்ளைக்கு விசா தடையில்லை. தனித்து வாழும் தாய்க்குக் குழந்தைப் படியும் சேர்த்துத் தருகிறார்கள். போட்டி கடுமையானது, அதை நம்பி மற்றதை விட்டுவிட வேண்டாம்.

பணம் பற்றி உங்கள் அம்மா ஒன்று சொன்னார்: "ஆறு மா நஞ்சை இருக்கு, பேங்க்ல வச்சுட்டுப் போகட்டும்." அந்த மனசு பெரிது. ஆனால் கல்விக் கடனுக்கு நஞ்சை நிலத்தை அடமானமாக வாங்க வங்கிகள் தயங்கும். கடன் பாக்கிக்காகக் கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை எடுக்க வங்கிக்கு வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சார்ஃபேசி சட்டத்தில் விவசாய நிலத்துக்கு விலக்கு இருப்பதால், கடன் நின்றுபோனால் அந்தச் சட்டத்தில் வங்கியால் நிலத்தை எடுக்க முடியாது. அதனால் வீட்டு மனை இருந்தால் கொண்டுவா என்பார்கள். ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. சம்பளத்தோடு போகிறவருக்கு வேண்டியது விசா கட்டணம், விமானச் சீட்டு, அங்கே வீட்டு முன்பணம், முதல் சம்பளம் வரும்வரை செலவு, இவ்வளவுதான். நகைக் கடனில் முடிகிற காரியம். நிலம் அப்படியே கிடக்கட்டும், குறுவையோ சம்பாவோ அம்மா பார்த்துக்கொள்ளட்டும்.

பாப்பா விஷயத்தில்தான் நான் மிகவும் யோசித்தேன்.

விவாகரத்து வழக்கு நடக்கிறது, தீர்ப்பு வரவில்லை என்றீர்கள். அப்படியானால் பாப்பாவின் பாஸ்போர்ட்டிலிருந்தே வேலை தொடங்குகிறது. அம்மா அப்பா இருவரும் கையெழுத்திட்டால், விண்ணப்பத்தோடு தரும் உறுதிமொழிப் படிவம் இணைப்பு டி. ஒருவர் சம்மதம் இல்லையென்றால் காரணத்தைச் சொல்லி நீங்கள் தனியாகக் கொடுக்க வேண்டியது இணைப்பு சி. பாஸ்போர்ட் கிடைத்தாலும் விசாவில் மறுபடியும் இதே கேள்வி வரும்: பிள்ளையின் முழுப் பொறுப்பு உங்களுக்கு என்று கோர்ட் உத்தரவு வேண்டும், இல்லையென்றால் அப்பாவின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். வாய்வார்த்தையாக "அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்பது அங்கே செல்லாது. உங்கள் வக்கீலிடம் இந்த வாரமே பேசி, பிள்ளையை வெளிநாடு அழைத்துச் செல்லும் அனுமதியையும் சேர்த்து இடைக்கால மனு போடச் சொல்லுங்கள். பிஎச்.டி. கிடைத்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்த ஒரு தாய் கடைசியில் தனியாக விமானம் ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். இப்போது வீடியோ அழைப்பில்தான் பிள்ளைக்குத் தலைவாரிவிடச் சொல்லிக்கொடுக்கிறார்.

அடுத்து பள்ளிக்கூடம். அரசுப் பள்ளியில் கட்டணமில்லை, வீட்டில் வைத்துப் பாடம் சொல்லித்தர அனுமதியும் இல்லை. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நாலாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். பல்கலைக்கழகம் நோக்கிப் போகிற கிம்நாசியம் ஒரு பக்கம், மற்ற வகைப் பள்ளிகள் மறு பக்கம். பாப்பா இப்போது மூன்றாம் வகுப்பு. நீங்கள் போய்ச் சேரும்போது சரியாக அந்தப் பிரிப்பு நேரம் வரும், அவளுக்கோ ஜெர்மன் அப்போதுதான் வாயில் நுழைந்திருக்கும். பெர்லினிலும் அதைச் சுற்றியுள்ள பிராண்டன்பர்க் மாநிலத்திலும் தொடக்கப் பள்ளி ஆறு வருடம். அந்த இரண்டு வருட அவகாசம் அவளுக்கு வேண்டும். முன்ஷெபர்க்கை நான் சொன்னதில் இந்தக் கணக்கும் உண்டு, அது பிராண்டன்பர்க்கில்தான் இருக்கிறது. பதினாறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு விசாவுக்காக ஜெர்மன் தேர்வு தேவையில்லை. இருந்தாலும் நீங்கள் இருவரும் இப்போதே தினம் அரை மணி நேரம் சேர்ந்து படியுங்கள். ஆய்வகத்தில் ஆங்கிலம் ஓடும், பள்ளி ஆசிரியை அனுப்பும் கடிதம் ஜெர்மனில்தான் வரும்.

இனி கருப்பன். அவனுடைய தடுப்பூசி அட்டையும் ஃபைலில் இருந்தது. ஊர்க் கால்நடை மருந்தகத்தில் வருடா வருடம் தவறாமல் ஊசி போட்டிருக்கிறீர்கள், ஒன்பது வருடத்துக்கும் முத்திரை இருக்கிறது. எனக்கே ஆச்சரியம். ஆனால் ஐரோப்பியக் கணக்கில் அந்த ஒன்பது ஊசியும் சேராது, ஏனென்றால் கருப்பன் உடம்பில் மைக்ரோசிப் இல்லை. சிப் வைத்த பிறகு போட்ட ரேபிஸ் ஊசிதான் செல்லும். வரிசை மாறக் கூடாது: முதலில் 15 இலக்க சிப், அன்றைக்கே அல்லது அதன் பிறகு ஊசி, குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற ஆய்வகத்துக்கு அனுப்புதல், எதிர்ப்புச் சக்தி மில்லிக்கு 0.5 அலகாவது இருக்க வேண்டும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. ஆக எவ்வளவு அவசரப்பட்டாலும் நாலு மாதம். உங்கள் வீட்டுப் பூனைக்கும் இதே வரிசைதான். சிப் பற்றி ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள், உங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம். கிளம்புகிற சமயத்தில் சென்னையில் உள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் உடல்நலச் சான்று வாங்க வேண்டும். அது கையில் கிடைத்த பத்து நாளுக்குள் ஐரோப்பாவில் இறங்கிவிட வேண்டும்.

உங்கள் அம்மா வீட்டுக் கூண்டில் பச்சைக்கிளி இருப்பதாகப் பாப்பா சொன்னாள். அது போகவும் முடியாது, இருக்கவும் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதே குற்றம். வனத்துறையிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள், என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

எல்லாத் தேதிகளையும் ஒன்றாகக் கட்டிப் பார்த்தேன். இந்த ஆடியிலிருந்து மாசிவரை கடிதம் எழுதுவது, விண்ணப்பம், நேர்காணல். ஒப்பந்தம் கிடைத்தால் அடுத்த அக்டோபரில் நீங்கள் மட்டும் போய் வீடு பிடியுங்கள். பாப்பாவின் விசா விண்ணப்பத்தை உங்களுடையதோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள். அவள் பாட்டியிடம் இருந்து அரையாண்டுத் தேர்வு எழுதட்டும். டிசம்பர் கடைசியில் நீங்கள் வந்து, பொங்கல் வைத்துவிட்டு, தை பிறந்த கையோடு அவளையும் பூனையையும் அழைத்துப் போங்கள். அங்கே அரையாண்டு முடிந்து அடுத்த பருவம் பிப்ரவரியில் தொடங்கும். சென்னையில் வெயிலும் இருக்காது, கத்திரியில் விமான நிறுவனங்கள் விலங்குகளை ஏற்றத் தயங்கும். உடைமையாளர் பயணத்துக்கும் விலங்கின் பயணத்துக்கும் ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்ற விதியும் இதில் அடங்கிவிடும்.

கருப்பன் போகலாமா என்றால், போகலாம். அனுப்ப வேண்டுமா என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. அப்போது அவனுக்குப் பதினொன்று நெருங்கும். வாய்க்கால் வரப்பில் திரிந்தவன், கூண்டுக்குள் அத்தனை மணி நேரம் விமானத்தின் அடியறையில் கிடக்க வேண்டும். நாய்க்கென அங்கே நகராட்சி வரி கட்ட வேண்டும், பூனைக்கு இல்லை. வாடகை வீட்டிலும் நாய் என்றால் முகம் சுளிப்பவர்கள் அதிகம். கால்நடை மருத்துவர் அவன் இதயத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் சிப்பும் ரத்தப் பரிசோதனையும் இப்போதே செய்துவிடுங்கள். காலாவதி ஆகுமுன் அடுத்தடுத்த ரேபிஸ் ஊசியைப் போட்டுக்கொண்டே வந்தால் அந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை, அவன் ஆயுசுக்கும் செல்லும். முடிவைத் தை மாதம் எடுத்துக்கொள்ளலாம். பாப்பாவிடம் டிக்கெட் விலையை நான் இன்னும் கேட்டுச் சொல்லவில்லை என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

ஆடிப்பெருக்கு கழிந்த வாரம் வாருங்கள். பதினைந்து பேராசிரியர்களின் பெயர், வக்கீல் தரும் மனு நகல், சிப் எண் ஒட்டிய புது அட்டை, மூன்றும் கையில் இருக்கட்டும். நோட்டு என்னிடம்தான் இருக்கிறது, பத்திரமாக பீரோவில் வைத்திருக்கிறேன். வந்து வாங்கிக்கொண்டு போட்டோ எடுங்கள்.