முன்பக்கம் ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’, பின்பக்கம் பேரீச்சை விழுது: வழக்கு நிற்குமா?

கேள்வி: வக்கீல் சார், எனக்கு வயது 46. கரூரில் இருக்கிறேன். சர்க்கரை நோய் வந்து இரண்டு வருடம் ஆகிறது. டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் அரிசி, கோதுமையைக் குறைத்து லோ கார்ப் உணவுக்கு மாறினேன். ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு) 7.9-லிருந்து 6.4-க்கு இறங்கியது. நான்கு மாதமாக ஒரே கம்பெனியின் இரண்டு பொருட்களை ஆன்லைனில் வாங்கிச் சாப்பிட்டு வந்தேன். ஒன்று, ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று பெரிதாக அச்சிட்ட நட்ஸ் பார். இன்னொன்று, ‘சுகர் ஃப்ரீ’ புரோட்டீன் பவுடர். போன மாதம் பரிசோதித்தால் 7.3. மகள் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, பாரில் பேரீச்சை விழுதும் ஆப்பிள் ஜூஸ் கான்சன்ட்ரேட்டும் இருக்கிறது, பவுடரில் மால்டோடெக்ஸ்ட்ரின் இருக்கிறது என்றாள். கம்பெனிக்கு மெயில் போட்டேன். ‘பேரீச்சையில் இருப்பது இயற்கை இனிப்பு, எல்லாவற்றையும் லேபிளில் எழுதித்தானே விற்கிறோம்’ என்று பதில் எழுதி, 500 ரூபாய் கூப்பனும் அனுப்பினார்கள். வழக்குப் போட்டால் நிற்குமா? உடம்பு கெட்டதற்கு நஷ்டஈடு கிடைக்குமா? லேபிள், வெப்சைட் பக்கம் இரண்டின் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: இரண்டு பொருட்களையும் ஒரே மனுவில் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பார் விஷயத்தில் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. பவுடர் விஷயத்தில் நீங்கள் பிடித்திருக்கும் இடம் தவறு; ஆனால் பிடிக்க வேறு இடம் இருக்கிறது.

முதலில் பார். உணவுப் பொருளின் மேல் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பதற்கு 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் (விளம்பரம் மற்றும் உரிமைகோரல்) ஒழுங்குமுறைகள் இருக்கின்றன. ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று போட வேண்டுமானால் வெள்ளைச் சர்க்கரையைத் தவிர்த்தால் மட்டும் போதாது. குளுக்கோஸ், தேன், கார்ன் சிரப் என எந்த வடிவத்திலும் சர்க்கரை சேர்ந்திருக்கக் கூடாது. ஜாம் போல, சர்க்கரை கலந்த இன்னொரு பொருளும் உள்ளே போயிருக்கக் கூடாது. மூன்றாவது நிபந்தனைதான் உங்களுக்கு முக்கியம்: சர்க்கரைக்குப் பதிலாக இனிப்புக் கொடுக்கும் பொருளும் கூடாது. அதற்கு விதியே இரண்டு உதாரணங்கள் சொல்கிறது. ஒன்று, தண்ணீர் சேர்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவராத பழச்சாறு கான்சன்ட்ரேட். மற்றொன்று, உலர்பழ விழுது. உங்கள் பாரின் லேபிளில் இரண்டுமே இருக்கின்றன. அதுவும் பேரீச்சை விழுது முதல் இடத்தில். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் எழுத வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு லேபிள் விதி. ஆக அந்த பாரில் பாதாமைவிடப் பேரீச்சைதான் அதிகம் என்று கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிறது.

‘இயற்கை இனிப்பு’ என்ற சமாதானம் காதுக்கு நன்றாக இருக்கும், சட்டத்தில் எடுபடாது. கரும்பும் இயற்கைதானே? அந்த விதி கேட்பது, இனிப்புக்காக அதைச் சேர்த்தீர்களா இல்லையா என்பதை மட்டும்தான்.

‘எல்லாம் பின்பக்கம் எழுதியிருக்கிறோமே’ என்பது இன்னொரு பழைய பாட்டு. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் சொன்ன பொய்யைப் பின்பக்கத்துப் பொடி எழுத்து நேர்செய்துவிடாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘தவறாக வழிநடத்தும் விளம்பரம்’ என்பதற்கு வரும் விளக்கம் லேபிளையும் உள்ளடக்கியது. பின்பக்கத்து வரிகள் கம்பெனியைக் காப்பாற்றாது என்பது மட்டுமல்ல, அவைதான் உங்களுடைய முதல் சாட்சி.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும், பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். பாரை லேபுக்கு அனுப்பிவிட்டு வழக்குப் போடலாம் என்று தோன்றும். மொத்தச் சர்க்கரை எவ்வளவு என்று லேப் சொல்லும். அது பேரீச்சையிலிருந்து வந்ததா, சர்க்கரை மூட்டையிலிருந்து வந்ததா என்று சாதாரணப் பரிசோதனையில் தெரியாது. குளுக்கோஸ் எங்கிருந்து வந்தாலும் குளுக்கோஸ்தான். உங்கள் வழக்குக்கு அந்த அறிக்கை தேவையும் இல்லை. லேபிளும் விதியும் போதும். அட்டவணையில் அச்சிட்ட அளவே பொய் என்று சொல்ல நினைத்தால் மட்டும் லேப் வேண்டும். அப்போது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி பொதுமக்களே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோவை, பாளையங்கோட்டையில் அரசுக் கூடங்கள் உள்ளன. ஆனால் பகுப்பாய்வுக்குக் கொடுக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று அதே பிரிவு கேட்கிறது. உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய பாக்கெட்டை வைத்து அந்தப் பிரிவில் போக முடியாது. நுகர்வோர் ஆணையமே மாதிரியை லேபுக்கு அனுப்பச் சொல்ல வழி இருக்கிறது. வேண்டுமானால் அதைக் கேட்டுக்கொள்ளலாம்.

சரி, பவுடருக்கு வருவோம். ‘சுகர் ஃப்ரீ’ என்று போட 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நீங்கள் அனுப்பிய படத்தில் 0.4 என்று இருக்கிறது. மால்டோடெக்ஸ்ட்ரின் அந்தக் கணக்கில் வராது. ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் சர்க்கரை என்றால் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், சுக்ரோஸ், லாக்டோஸ் போன்ற சிறிய மூலக்கூறுகள் மட்டும்தான். மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது ஸ்டார்ச்சை உடைத்து எடுத்த கொஞ்சம் நீளமான சங்கிலி. வயிற்றுக்குள் போனதும் வேகமாக குளுக்கோஸாகிவிடும் என்பது வேறு விஷயம். உடம்புக்கு அது சர்க்கரை, லேபிளுக்கு அது மாவுச்சத்து. இந்த இடைவெளியில்தான் ஒரு தொழிலே நடக்கிறது. எனக்கும் எரிச்சல்தான். ஆனால் ‘சுகர் ஃப்ரீ என்பது பொய்’ என்று மனுவில் எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்.

ஆனால் வெப்சைட் ஸ்கிரீன்ஷாட்டில் அதே பவுடருக்குக் கீழே ‘லோ கார்ப், சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது’ என்று ஒரு வரி இருக்கிறது, கவனித்தீர்களா? டப்பாவில் 100 கிராமுக்குக் கார்போஹைட்ரேட் 58 கிராம். ‘லோ சுகர்’ என்பதற்கு 100 கிராமில் 5 கிராம் என்று அளவு வைத்த விதிமுறை, லோ கார்புக்கு அப்படி ஒரு எண் வைக்கவில்லை. எண் இல்லை என்பதற்காக எதையும் எழுதிவிட முடியாது. எந்த உரிமைகோரலும் உண்மையாக, தெளிவாக, ஏமாற்றாததாக இருக்க வேண்டும் என்ற பொது நிபந்தனை இருக்கிறது. பாதிக்கு மேல் மாவுச்சத்து உள்ள பொருளை லோ கார்ப் என்று விற்றதற்கு அவர்கள் விளக்கம் சொல்லட்டும். அந்த வரியை அவர்கள் எந்த நேரமும் நீக்கிவிடுவார்கள் என்பதால், இன்றைக்கே இணைய முகவரியும் தேதியும் தெரியும்படி மறுபடி ஒரு படம் எடுத்து வையுங்கள். மின்னணு ஆவணத்துக்கு 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63-ஆம் பிரிவுச் சான்று இணைப்பது நல்லது.

இந்த விஷயத்தில் அரசுத் தரப்பின் போக்கும் மாறி வருகிறது. கான்சன்ட்ரேட்டில் தண்ணீர் ஊற்றித் தயாரித்த பானங்களில் இருந்த ‘100 சதவீதப் பழச்சாறு’ என்ற வாசகத்தை எடுக்கச் சொல்லி, எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 2024 ஜூனில் உத்தரவு போட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், மால்ட் பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ பிரிவில் வைத்து விற்காதீர்கள் என்று ஆன்லைன் தளங்களுக்குச் சொன்னது. வாதத்தில் இரண்டையும் குறிப்பிடலாம்.

எங்கே போவது? கரூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கே போகலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்க 2019 சட்டம் இடம் தருகிறது. பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை (என் பிழைப்புக்கு எதிராக நானே சொல்கிறேன்). கெடு இரண்டு வருடம். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதை நம்பி நாட்காட்டியில் குறித்து வைக்காதீர்கள்.

அதோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கும் தனியாக ஒரு புகார் கொடுங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான லேபிளுக்கு 52-ஆம் பிரிவில் 3 லட்சம் வரை, ஏமாற்று விளம்பரத்துக்கு 53-ஆம் பிரிவில் 10 லட்சம் வரை அபராதம் உண்டு. அந்தப் பணம் அரசுக்குத்தான் போகும், உங்களுக்கு வராது. ஆனால் அங்கே வரும் உத்தரவு ஆணையத்தில் உங்கள் கையைப் பலப்படுத்தும். அங்கே பொதுவாக ஒரு வருடக் கெடு என்பதால் அதை முதலில் செய்யுங்கள்.

உடம்புக்கான நஷ்டஈடு பற்றிக் கேட்டீர்கள். இதில் ஆசை காட்ட எனக்கு மனமில்லை. 6.4 எப்படி 7.3 ஆனது என்று கேட்டால், எதிர்த்தரப்பு தூக்கம், மாத்திரை, மாமியார் வீட்டு விசேஷம் வரை எல்லாவற்றையும் இழுக்கும். இந்த பாரால்தான் ஏறியது என்று எண்ணுக்கு எண் நிரூபிப்பது கடினம். உங்கள் டாக்டரிடம் எழுத்தில் ஒரு கருத்து வாங்குங்கள். குளுக்கோமீட்டரில் தினசரி குறித்த நோட்டு இருந்தால் அது பெரிய உதவி. அதை வைத்து மன உளைச்சல், மருத்துவச் செலவு என்று நியாயமான ஒரு தொகை கேளுங்கள். பொருளின் விலையைத் திரும்பத் தர வேண்டும், வழக்குச் செலவு தர வேண்டும், அந்த வாசகத்தை நீக்கித் திருத்த விளம்பரம் வெளியிட வேண்டும் என்ற கோரிக்கைகள்தான் கிடைக்க வாய்ப்புள்ளவை. இருபது லட்சம் கேட்டால் மனுவின் மேல் இருக்கும் மரியாதையே போய்விடும்.

பிரிக்காத பாக்கெட் ஒன்று இருந்தால் பிரிக்காமலே வையுங்கள். பேட்ச் எண், ஆர்டர் பில்கள், அவர்கள் அனுப்பிய மெயில் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். ஃபேஸ்புக்கில் எழுதுவதானால் லேபிள் படத்தையும் விதியையும் போடுங்கள். ‘விஷம்’, ‘திருடர்கள்’ என்று எழுதி அவதூறு நோட்டீஸ் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் அந்த 500 ரூபாய் கூப்பன். அதோடு வந்த மெயிலின் கடைசியில் ‘இதனை ஏற்பதன் மூலம் புகார் முழுமையாகத் தீர்க்கப்பட்டதாகக் கருதப்படும்’ என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருக்கிறது. கூப்பனைத் தொடாதீர்கள். ‘ஏற்கவில்லை’ என்ற ஒரே வார்த்தையை அவர்களுக்கு இன்றே பதிலாக அனுப்பிவிட்டு, அந்த நகலையும் ஃபைலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.