ஒரு போனை எடுக்காவிட்டால் மகள் துடித்துப்போகிறாள்

மதிப்பிற்குரிய மேடம்,

மன்னார்குடி பக்கம் கிராமம் எங்களுக்கு. 24 வயது மகள் கும்பகோணத்தில் தங்கி வேலை பார்க்கிறாள். சம்பா நடவு அன்று வயலில் இருந்ததால் அவள் போனை எடுக்க முடியவில்லை. சாயங்காலம் கூப்பிட்டால், "நான் செத்தாலும் உனக்குக் கவலையில்லை" என்று கத்தினாள். ராத்திரி அழுதுகொண்டே, "உன்னை விட்டா எனக்கு யாரும்மா இருக்கா" என்றாள். சிநேகிதிகளிடமும் இப்படித்தான்: உயிராகப் பழகுவாள், ஒரு சொல் தவறினால் முகத்திலேயே விழிக்க மாட்டாள். போன மாதம் அவள் கையில் கீறல்களைப் பார்த்துவிட்டு, தஞ்சாவூரில் மனநல மருத்துவரிடம் காட்டினோம். 'பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர்' என்றார். இவள் அப்பாவோ, "எல்லாம் நடிப்பு, கல்யாணம் பண்ணினா சரியாயிடும்" என்கிறார். நான் என்ன செய்ய?

அன்புள்ள அம்மா,

அவள் நடிக்கவில்லை. நீங்கள் போனை எடுக்காதபோது, அம்மா நம்மை விட்டுவிட்டாள் என்றே அவள் மனம் நிஜமாக நம்பிவிடுகிறது. கைவிடப்படுவோமோ என்கிற பயம் இந்த ஆளுமைக் கோளாறில் மிக முக்கியமானது. அது நொடியில் கோபமாகிறது. கோபம் தணிந்ததும் தன்மேலேயே வெறுப்பு வருகிறது. தாங்க முடியாத அந்த வேதனையைக் கொஞ்ச நேரம் அடக்கத்தான் பலர் கையைக் கீறிக்கொள்கிறார்கள். அதற்காக லேசாக விட்டுவிடாதீர்கள், தற்கொலை அபாயமும் இதில் அதிகம். "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து திண்ணையிலோ மாட்டுக்கொட்டகையிலோ கிடந்தால், இன்றே பூட்டி வையுங்கள். சாவி உங்களிடம் இருக்கட்டும். அவசரத்துக்கு 14416, அரசின் டெலி மனஸ் மனநல உதவி மையத்தின் இலவச எண். எந்நேரமும் தமிழில் பேசலாம்.

உங்கள் வளர்ப்பில்தான் கோளாறு என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். பிறவிச் சுபாவம், சிறுவயதுக் காயங்கள் என்று பல சேர்ந்துதான் இது வருகிறது.

இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. கூடவே மனச்சோர்வு இருந்தால் மருத்துவர் அதற்கு மருந்து தருவார். முக்கியமான சிகிச்சை பேச்சு வழிதான். அதில் பேர்பெற்றது டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி). கொந்தளிப்பு வரும்போது தன்னைக் காயப்படுத்தாமல் அதைக் கடக்கப் பழக்குவார்கள். அதை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன், தானும் இளவயதில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனையில் இருந்ததை 2011-ல் வெளிப்படையாகச் சொன்னார். சில வருடங்களில் பெரும்பாலானவர்களுக்கு அறிகுறிகள் நன்றாகவே குறைகின்றன. எனக்கு இதில் முழு நம்பிக்கை உண்டு.

அவள் கத்தும்போது நியாயம் பேசாதீர்கள். "போன் எடுக்கலைன்னதும் பயந்துட்டியாம்மா?" என்று கேளுங்கள். வயலுக்குப் போகும் முன்பே, "ரெண்டு மணிக்குக் கூப்பிடுறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி கூப்பிடுங்கள். அதற்காக எல்லாவற்றுக்கும் பணிந்துபோக வேண்டாம். திட்டிக்கொண்டே போனால், "இப்ப வைக்கிறேன், அரைமணியில நானே கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு வைக்கலாம்.

கல்யாணப் பேச்சை இப்போதைக்கு நிறுத்துங்கள். அவளுடைய பயம் புகுந்த வீட்டுக்கும் கூடவே போகும். சிகிச்சையில் கொஞ்சம் நிதானப்பட்ட பிறகு அவளே முடிவு செய்யட்டும். அடுத்தமுறை தஞ்சாவூர் போகும்போது அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். 'நடிப்பு' என்கிற சந்தேகத்தை மருத்துவரிடமே கேட்கட்டும்.