கிளிநொச்சியில் தேயிலைக் கன்று: இலைப் புள்ளி

உங்கள் தேயிலைக் கன்றில் வந்திருப்பது கொப்புள நோயா என்று கேட்டிருந்தீர்கள். அது கொப்புள நோய் (இலையில் கொப்புளம் கிளப்பும் பங்கசு நோய்) இல்லை. மலைநாட்டு அட்டனில் இருந்து கொண்டுவந்து சாடியில் வைத்த கன்றின் முற்றிய இலைகளில் பழுப்பு வட்டங்கள் என்று எழுதியிருந்தீர்கள். கொப்புள நோய் முற்றிய இலையைத் தொடாது, கொழுந்தைத்தான் பிடிக்கும். அதற்குக் குளிரும் மூடுபனியும் வேண்டும். கிளிநொச்சி வெயிலுக்கு அது எங்கே நிற்கப் போகிறது?

பெரும்பாலும் இது சாம்பல் கருகல். இதுவும் பங்கசுதான், ஆனால் வெயில் சுட்டோ வேறு விதத்திலோ இளைத்த இலையில்தான் பெரும்பாலும் தொற்றும்.

பார்க்க வேண்டியது: ஒரு இலையைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். புள்ளியின் நடு சாம்பலாகி, மேற்பக்கத்தில் வளையம் வளையமாக ஊசிமுனை அளவு கறுப்புப் பொட்டுகள் இருந்தால் சாம்பல் கருகலேதான். கொப்புளம் என்றால் மேலே குழிந்து, கீழே புடைத்து, வெள்ளை மா பூசினதுபோல் இருக்கும்.

பட்ட இலைகளைக் கிள்ளி எரியுங்கள். சாடியை மாமர நிழலுக்கு மாற்றுங்கள். இலையில் தண்ணீர் ஊற்றாமல் அடியில் ஊற்றுங்கள். மருந்து இப்போதைக்கு வேண்டாம்.

அப்புறம் தண்ணீர். உங்கள் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுகிறதா? அப்படியென்றால் அந்தக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம், அது மண்ணின் புளிப்பைக் குறைக்கும், தேயிலைக்கு ஆகாது. தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, 7-க்குக் கீழே என்றால் புளிப்பு) 4.5 முதல் 5.5 வரை. மழைநீர் பிடித்து ஊற்றுங்கள்.

ஒன்று: கன்று வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றால் கொழுந்தையும் ஒருமுறை பாருங்கள். அட்டனிலேயே தொற்றிய கொப்புள நோய் வெளியே தெரிய சில வாரம் எடுக்கும்.