அண்ணன் வராத விருந்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒன்றுமில்லாமல் தொடங்கி, இருபது ஆண்டுகளில் தொழிலில் ஓரளவு நல்ல நிலைக்கு வந்தவன் நான். மகளின் பள்ளி வழியாக, தலைமுறை தலைமுறையாகச் செல்வத்தில் இருக்கும் சில குடும்பங்களோடு பழக்கம் ஏற்பட்டது. யாரும் என்னை அவமதித்ததில்லை. ஆனால் நான் பேச ஆரம்பித்தால் ஒரு புன்னகை வரும். ஒருவர், “நீங்க எந்தக் குடும்பம்?” என்று கேட்டார். என் தொழிலைச் சொன்னேன். “அது சரி, குடும்பம்?” என்றார். அன்று தூக்கம் வரவில்லை. அவர்களுக்கு இணையாகப் பேசவும் ரசிக்கவும் நான் எதைப் படிக்கலாம்? இப்படி ஆசைப்படுவது தவறா? அவர்கள் என் வீட்டுக்கு வரும் நாட்களில் என் அண்ணனை வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். அவர் பேச்சு கொஞ்சம் சத்தமாக இருக்கும். அவர் புரிந்துகொள்கிறார்.

எம்.

அன்புள்ள எம்.,

ஆசைப்படுவது தவறில்லை. அந்தக் கேள்வியை இதோடு விட்டுவிடலாம். எதைப் படிப்பது என்பதை அப்புறம் பார்ப்போம்.

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் ஒரு பழமொழி என்னை விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருந்தது. ‘அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான்.’ நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், சிரித்துக்கொண்டே சொல்லுவோம். இதை முதலில் சொன்னவர் யாராக இருக்கும்? குடை இல்லாதவராக இருக்க முடியாது. குடை என்பது தன் வீட்டுக்கு மட்டும் உரியது என்று நம்பிய ஒருவர்தான் சொல்லியிருக்க வேண்டும். அந்த மனிதன் ஏன் ராத்திரியில் பிடித்தான் என்று ஒருவரும் கேட்பதில்லை. பகலில் பிடித்தால் விட்டிருப்பார்களா?

உங்களிடம் ‘குடும்பம்?’ என்று கேட்டவருடைய தாத்தாவுக்குத் தாத்தாவும் ஒருநாள் ராத்திரியில் குடை பிடித்தவர்தான். இதை நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை, கணக்கே அப்படித்தான் இருக்கிறது. 1880 வாக்கில் நியூயார்க்கில் நடந்ததைப் பாருங்கள். பழைய குடும்பங்கள் ஓபரா என்ற இசை நாடகம் பார்க்கப் போன அரங்கின் பெயர் அகாடமி ஆஃப் மியூசிக். அங்கே மேடையை ஒட்டிய பாக்ஸ்கள், அதாவது குடும்பமாக உட்காரும் தனி மாடங்கள், பதினெட்டுதான். அவை வீட்டுச் சொத்து போல அந்தக் குடும்பங்களிடமே இருந்தன. ரயில்வேயில் பெரும்பணம் சேர்த்த வாண்டர்பில்ட் குடும்பம் கேட்டும் ஒரு பாக்ஸ் கிடைக்கவில்லை. அவர்களும் அவர்களைப் போன்றவர்களும் சேர்ந்து வேறு அரங்கம் கட்டினார்கள். 1883 அக்டோபரில் திறந்த மெட்ரோபாலிட்டன் ஓபரா அதுதான். மூன்றே ஆண்டுகளில், 1886ல், அகாடமி ஓபரா நடத்துவதையே கைவிட்டது.

அன்று அந்த நகரத்தில் யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்மானித்தவர் கரோலைன் ஆஸ்டர். அவருடைய கணவரின் தாத்தா ஜான் ஜேக்கப் ஆஸ்டர் ஜெர்மனியில் ஒரு கசாப்புக்காரரின் மகன். அமெரிக்காவுக்கு வந்து விலங்குகளின் ரோமத்தோல் வாங்கி விற்றவர். அந்த ரயில்வே குடும்பத்து வில்லியம் கே. வாண்டர்பில்ட்டின் தாத்தா, பதினாறு வயதில் ஒரு படகை வைத்துக்கொண்டு ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போனவர். ஆஸ்டர் இறந்தது 1848ல், படகுக்காரர் இறந்தது 1877ல். இடையில் இருபத்தொன்பது ஆண்டுகள். பழைய பணம், புதுப்பணம் என்று அவர்கள் சொன்ன வித்தியாசம் அவ்வளவுதான், எம். தோல் வாசனை போகிற அளவு காலம் ஒருவருக்குக் கிடைத்திருந்தது, இன்னொருவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. அந்தப் ‘பழைய’ அகாடமி திறந்ததும் 1854ல்தான்.

ரோமில் இதற்குச் சொல்லே இருந்தது, ‘நோவுஸ் ஹோமோ’, புதிய மனிதன். கி.மு. 63ல் கான்சல் என்ற தலைமைப் பதவிக்கு வந்த சிசரோவையும் அப்படித்தான் சொன்னார்கள். உயர்குடியில் பிறந்த கட்டிலீனா அவரை, நகரத்தில் குடியிருக்க வந்தவன் என்று செனட்டிலேயே இகழ்ந்ததாக வரலாற்றாசிரியர் சாலஸ்ட் எழுதியிருக்கிறார். லத்தீனில் சிசரோவைவிட நன்றாகப் பேசியவர் யார்? பேச்சு போதவில்லை. ஆகவே, பேசக் கற்றுக்கொண்டால் அந்தப் புன்னகை நின்றுவிடும் என்ற உங்கள் நம்பிக்கையை இப்போதே விட்டுவிடுங்கள். ரசனை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி எந்த வீட்டில் வளர்ந்தோம் என்பதைக் காட்டுவது என்று பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு 1979ல் விரிவாக எழுதினார். சிறு வயதில் பழகியது கூடப் பிறந்தது போல இருக்கும், நாற்பது வயதில் பழகியதில் உழைப்பு தெரியும். அவர்கள் பார்ப்பது அந்த உழைப்பைத்தான். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இவ்வளவும் எழுதியது உங்கள் கடைசி வரியைத் தொடத் தயங்கித்தான். ‘அவர் புரிந்துகொள்கிறார்.’

என் அப்பா ஓர் அச்சகத்தில் கூலிக்குச் சேர்ந்து, பிறகு சொந்தமாக அச்சகம் வைத்தவர். பெரியப்பா கடைசிவரை அச்சுக்கோப்பவராகவே இருந்தார். ஈய எழுத்தும் மையும் பட்டு அவர் விரல் நுனி எப்போதும் கறுப்பாக இருக்கும். அப்பா அச்சகம் தொடங்க முதல் பணம் தந்தவர் அவர்தான். நாங்கள் புது வீட்டுக்குப் போனபோது எனக்குப் பதினாலு வயது. ஒரு பெரிய குடும்பத்துக்காரர் வீடு பார்க்க வருவதாக இருந்தது. அன்று காலை அப்பா என்னைக் கூப்பிட்டு, “பெரியப்பாகிட்ட போய், இன்னிக்கு வேண்டாம், நாளைக்கு வரச் சொல்லு” என்றார். நான் கிளம்பி வாசலுக்கு வந்தால் அவரே எதிரில் வந்துகொண்டிருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். கையிலிருந்து மண்ணெண்ணெய் வாசனை வந்தது. நகக்கண்ணில் இருந்த மையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். நான் சொன்னேன். “சரிப்பா, அதனால என்ன” என்று என் தலையைத் தடவிவிட்டுத் திரும்பி நடந்தார்.

வந்தவர் வீட்டை முழுவதும் சுற்றிப் பார்த்தார். நாற்காலி, அலமாரி, விளக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “எல்லாம் புதுசா வாங்கினதா?” என்று கேட்டார். அப்பா பெருமையாக, “ஆமா, எல்லாமே புதுசு” என்றார். அதன் அர்த்தம் அவருக்கு ராத்திரிதான் புரிந்தது என்று நினைக்கிறேன். கூடத்தில் விளக்கைப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பெரியப்பா அதன்பிறகும் வந்தார், சண்டையெல்லாம் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கு வெளியே நின்று, “வீட்ல யாராவது வந்திருக்காங்களா?” என்று கேட்பார். இல்லை என்று சொன்ன பிறகே உள்ளே கால் வைப்பார். சாகும்வரை கேட்டார். அவரும் புரிந்துகொண்டார், எம். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

அந்த மனிதர் உங்களைக் கேட்ட ஒரு கேள்விக்கு உங்களுக்குத் தூக்கம் போனது. அதே கேள்வியை நீங்கள் உங்கள் அண்ணனிடம் மாதாமாதம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு உங்கள்மேல் கோபமாக இருக்கிறது. அவர் சத்தமாகப் பேசினால் பேசட்டும். ‘எந்தக் குடும்பம்?’ என்று உங்களைக் கேட்டார்களே, கையைப் பிடித்துக் காட்ட உங்களுக்கு ஒருவர் இருந்தார். அவரை ஒளித்துவைத்துவிட்டுப் படிக்கப் புத்தகம் கேட்கிறீர்கள். உங்கள் மகளும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். தன் பெரியப்பா எந்தெந்த நாளில் வரக்கூடாது என்று அவளுக்கும் தெரியும்.

புத்தகப் பட்டியல் இப்போது வேண்டாம். அடுத்த முறை அவர்கள் வரும்போது அண்ணனையும் கூப்பிடுங்கள். அவர் வந்தாரா, எங்கே உட்கார்ந்தார் என்று எனக்கு எழுதுங்கள்.